காரணம் என்ற கட்டம்

படிவத்தில் காரணத்துக்கு விட்டிருக்கும் இடம்
என் கட்டைவிரல் அகலம்.

வத்தலக்குண்டிலிருந்து ஏறிய நான்கு இருபது வண்டி
பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில் நின்றது.
டயர் சரி. டீசல் சரி. காட்டுமாடு இல்லை, மண்சரிவு இல்லை.
ஓட்டுநர் சவரிமுத்து சாவியைத் திருப்பி அணைத்தார்,
இறங்கினார்,
தடுப்புச்சுவர் ஓரம் பள்ளத்தைப் பார்த்து நின்றார்
பதினொரு நிமிடம்.
பிறகு ஏறி, கொடைக்கானல் வந்து சேர்ந்தார்
ஆறு நிமிடத் தாமதத்தில்.
ஐந்து நிமிடத்தை எங்கோ மீட்டிருக்கிறார்;
அதைப் புகாரில் யாரும் எழுதவில்லை.

இருபத்திரண்டு வருடம் விபத்தில்லாத ஆள்.
மனநலச் சான்று கேட்டு டெப்போ அனுப்பியிருந்தது.
புதன்கிழமை, அரசு மருத்துவமனை,
ஊசி போடும் அறைக்குப் பக்கத்து அறை, நான்.

முதலில் ரத்தம்.
மனசு என்பது கொஞ்சம் உப்பும் கொஞ்சம் மின்சாரமும்,
மாடியிலிருக்கும் டாக்டர் அந்தக் கட்சி.
தைராய்டு ஒழுங்கு. சர்க்கரை நூற்று நாற்பத்தெட்டு.
"இந்தச் சர்க்கரைக்கு யாரும் பஸ்ஸை நிறுத்தமாட்டான்"
என்று அவரே கீழே அனுப்பிவிட்டார்.

படித்த காலத்தில் நான் விசில்காரர்கள் கட்சி.
ஒரு விசில், கால் பிரேக்கில்.
இரண்டு விசில், கால் ஆக்சிலேட்டரில்.
சம்பளம் ஒன்றாம் தேதி, மெமோ எப்போது வேண்டுமானாலும்.
இதற்குமேல் மனிதனுக்குள் எட்டிப் பார்க்க ஏதுமில்லை,
மூடியைக் கழற்றாமலே புரியும் எஞ்சின் என்று
பரீட்சையில் எழுதி எழுபத்தொன்று வாங்கினேன்.
அந்தக் கணக்கு
இருபத்திரண்டு வருடத்தையும் பிசகாமல் விளக்குகிறது,
பதினொரு நிமிடம் நீங்கலாக.
அந்த வளைவில் யாரும் விசில் ஊதவில்லை.

சரி, தோண்டுவோம்.
அப்பாவுக்கு என்ன வேலை?
கேட்கும்போதே எனக்குள் ஒரு லாரி உருளத் தொடங்கிவிட்டது.
சீகைமர லோடு, அதே வளைவு, ஆறு வயதுப் பையன்,
திறந்து காட்டாத பெட்டி,
நாற்பது வருடம் பூமிக்கடியில் கிடந்து
இன்று மேலே வந்து பிரேக்கை மிதிக்கும் ஒரு சின்னக் கால்.
எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது!

"சித்தரேவுல சைக்கிள் கடைம்மா" என்றார்.
"இப்பவும் பஞ்சர் ஒட்டுறாரு. எம்பத்தொண்ணு வயசு."

ஏமாற்றமாகத்தான் இருந்தது.
ஒரு சாவு கிடைக்கவில்லை என்று வருந்தியவளை
எந்த நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்பது?

நிறுத்துவதற்கு ஒரு நொடி முன்னால் என்ன நினைத்தீர்கள்?
எண்ணம், அது கிளப்பும் உணர்ச்சி, அது தள்ளிவிடும் செயல்:
மூன்று கட்டம் போட்டு அம்புக்குறி வரைந்து
பேனாவை நீட்டினேன்.
முதல் கட்டத்தில் எழுதினார்: பூண்டு விலை.
மற்ற இரண்டையும் என்னிடமே தந்துவிட்டார்.

நீங்கள் முழுதாக நீங்களாக இருப்பது எப்போது?
இதை நான் கேட்கவில்லை.
வெளியே இன்னும் ஒன்பது பேர் வரிசையில்.

ஒன்று மட்டும் சொன்னேன்.
வண்டியில் நாற்பத்து மூன்று பேர். ஒருவரும் ஏன் கத்தவில்லை?
புகார் வந்தது பின்னால் நின்ற வாடகைக் காரிலிருந்து.
அடுத்தவர் கேட்கட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தால்
கூட்டம் ஊமையாகும், அதற்கும் ஒரு அத்தியாயம் இருக்கிறது.
கண்டக்டர்கூட விசிலை வாயிலிருந்து எடுத்து
பைக்குள் போட்டுக்கொண்டாரே.

சவரிமுத்து முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"கண்ணாடியில தெரிஞ்சுச்சும்மா. மூணாவது சீட்டு, ஜன்னலோரம்.
எல்லாரும் மணி பாத்தாங்க.
நீங்க செருப்பக் கழட்டி வச்சிட்டு
காலத் தூக்கி சீட்டுமேல மடக்கிக்கிட்டீங்க.
ஏம்மா?"

பக்கத்து அறையில் ஒரு குழந்தை
ஊசிக்கு முன்பே அழத் தொடங்கியது.
படிவத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

பணிக்குத் தகுதியானவர்.
காரணம்: மூடுபனி.

அன்று மஞ்சளாறு அணைவரை
துல்லியமாகத் தெரிந்தது.