கூட்டாமல் விட்டது

ஏணி வைத்த இடம் சரியில்லை என்று
கீழே நின்று சொல்கிறார் பதுர்தீன் முதலாளி.
சரியாகத்தான் வைத்திருக்கிறேன்.
கல்முனையில் கடலைப் பார்த்த சுவரில்
ஏணியை எங்கே சாத்தினாலும்
மேலே போனதும் முகத்தில் உப்புத்தான்.

சீமெந்துக் களஞ்சியம். நூற்றிப் பத்துத் தகடு.
மார்கழி வாடையில் ஒழுகி
பதினான்கு பை கல்லாகிப் போச்சுதாம்.
"சீமெந்தா வாங்கி வெச்சத
சுவராவே தந்திருக்கு உன்ர கூரை" என்றார்
சிரிக்காமல்.

முழங்காலில் ஊர்கிறேன்.
பத்து மணிக்கே சுடுகிறது தகரம்.
பழஞ்சாரத்தை மடித்துக் கைக்கு அடியில் போட்டு
விரல் நுனியால் தடவிக்கொண்டு போகிறேன்.

கடல் செய்தது தெரியும்.
அது ஓரத்திலிருந்து வரும்,
தகட்டின் மேல் தகடு ஏறும் மடிப்புக்குள் நுழைந்து
வெள்ளை மாவாய்ப் பூத்துப்
பிறகு சிவக்கும்.
கடலுக்கு ஒளிக்கத் தெரியாது.

பக்கத்து அடகுக்கடை செய்ததும் தெரியும்.
அவர்கள் பூட்டிய ஏசியின் செப்புக் குழாய்
சொட்டுச் சொட்டாய் விட்ட தண்ணீர்
பீலி வரைக்கும் ஒரு கோடு கிழித்திருக்கிறது.
தகட்டின் பூச்சை நாகம் என்று படித்தோம் பள்ளிக்கூடத்தில்.
நாகத்தைச் செம்பு கடிக்கும் என்று
அங்கே யாரும் சொல்லவில்லை.

இது மூன்றாவது.
நடுத் தகடுகளில்
ஒவ்வொரு ஸ்குரூத் தலையைச் சுற்றியும்
மிளகாய்த்தூள் சிந்தினாற்போல
பொட்டுப் பொட்டாய்க் கறள்.
கடலுக்கு இந்த இடத்தில் என்ன வேலை?
இது ட்ரில் துப்பிய இரும்புத் தூள்.
நனைந்து, சிவந்து,
தகட்டின் தோலுக்குள் இறங்கிவிட்டது.

ஏழு வருடத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை.
கடைசி வரிசை. கடைசி பஸ்.
"அண்ணே, கூட்டிட்டு இறங்குவமா?" என்று
சஞ்சீபன் கேட்டான்.
"மழை கூட்டும், இறங்குடா."
அன்றைக்கு மழை வரவில்லை.
பனி மட்டும் பெய்தது.
சஞ்சீபன் இப்போது கத்தாரில்.
சாட்சி என்று வேறு யாரும் இல்லை.

"எல்லாம் கடக்காத்துத்தான், என்ன?"
கீழிருந்து கேட்கிறார்.
கடல் அங்கே நாலு தோணியைத் தூக்கி இறக்கிக்கொண்டு
தன்பாட்டில் கிடக்கிறது.
எந்தப் பழியைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும்.
"கடக்காத்துந்தான்" என்றேன்.
அந்த 'உம்' அவர் காதுக்கு இறங்கியிருக்காது.

இரவு கொட்டேசன் எழுதினேன்.
ஓரத் தகடு இருபத்தியாறு, கழற்றி மாற்ற.
ஏசித் தண்ணிக்குப் பிளாஸ்டிக் குழாய், பீலிக்குப் போகாமல்.
றப்பர் வொஷர் ஆயிரத்து இருநூறு.
நடு வரிசைக்கு, கம்பிப் பிரஷ், பிரைமர், இரண்டு பூச்சுப் பெயின்ட்,
நாலு ஆள், மூன்று நாள்.
அதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

முதலாளி சரியாக அந்த இடத்தில்
விரலை வைத்தார்.
"தம்பி, இத நீ கூட்டாம விட்டுட்டாய்."
"ஓம் முதலாளி.
கூட்டாமத்தான் விட்டன்."

என்னைப் பார்த்தார்.
கூரை தெரியாத அந்தக் கந்தோருக்குள் நின்று
அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.
பிறகு பேனையை எடுத்து
மற்ற எல்லாத் தொகையிலும்
ஐந்து வீதம் வெட்டினார்.

ஒவ்வொரு பின்னேரமும்
தும்புத்தடியோடு மேலே ஏறினேன்.
மீன்காரன் சைக்கிளை நிறுத்தி
"கூரையில என்ன, கலியாணமா?" என்றான்.
பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டித்
தகட்டுக்குத் தகடு இழுத்தேன்.
கருமயிர் முளைத்து வந்தது அதற்கு.
வழித்துக் கடதாசியில் மடித்துச்
சேட்டுப் பைக்குள் வைத்தேன்.

கடைசி நாள் இரவும் பனி பெய்தது.
முற்றத்துத் தகரத்தில் அது சொட்டுவது கேட்டது.
எழும்பவில்லை.