செயற்படும் திகதி

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது.
வரவுப் பதிவேட்டை நீட்டிய அதிபர்
கூடவே மண்ணிற உறையொன்றையும் நீட்டினார்.
"மிஸ், உங்களுக்கு ஒண்டு கிடக்கு."

தரம் இரண்டிலிருந்து தரம் ஒன்றுக்கு
நான் உயர்த்தப்பட்டிருக்கிறேன்.
இன்றிலிருந்து அல்ல.
ஏழு வருடமும் நாலு மாதமும் முந்தி
ஒரு வியாழக்கிழமையிலிருந்து
செயற்படும் வண்ணம்.

அந்த வியாழன் எனக்கு ஞாபகமில்லை.
அலுமாரியில் தூசி தட்டிப்
பழைய பாடக்குறிப்புக் கொப்பியை எடுத்தேன்.
ஒன்பது ஏ, மூன்றாம் பாடவேளை.
அமிலம், காரம், பாசிச்சாயத்தாள்.
ஓரத்தில் பென்சிலால்:
தாள் முடிந்துவிட்டது,
செவ்வரத்தம் பூ கொண்டுவரச் சொல்லவும்.

அப்படியென்றால்
பூவைக் கசக்கிச் சாறெடுத்து
தேசிக்காய்ப் புளியில் சிவக்கவும்
சவர்க்காரத் தண்ணியில் பச்சையாகவும் வைத்தது
ஒரு தரம் ஒன்று ஆசிரியை.
அவளுக்கு அது தெரியாது.

பண்ணைப் பாலத்தில் பஸ் நின்றுபோய்
முக்கால் மணி நேரம் கடற்காற்றில் காய்ந்து
வேலணைக்கு வந்து
சிவப்புக் கோட்டின் கீழே கையெழுத்து வைத்தவளும்
தரம் ஒன்று.
காஸ் சிலிண்டருக்குக் கைமாற்றுக் கேட்க
கொடிகாமத்து மச்சாளின் நம்பரை எடுத்துவிட்டு
அழுத்தாமல் இருந்தவளும்.

எவ்வளவு சனிக்கிழமைகள்!
கோப்பாயில் மின்விசிறி சுற்றாத மண்டபம்,
புரொஜெக்டர் வயர் தேடிப் போன ஒரு மணித்தியாலம்.
வளவாளர் வெண்பலகையில்
வாண்மை விருத்தி என்று எழுதி
இரண்டு தரம் அடிக்கோடிட்டார்.
பிறகு ரோல்ஸும் பிளேன்ரீயும்.
எல்லாம் வீண் என்று சொல்லமாட்டேன்.
மெலிந்த ஒரு பெண், பெயர் மறந்துபோச்சு,
மதியத்துக்குப் பிறகு, பாதிப்பேர் நித்திரையில், சொன்னா:
"கேள்வியைக் கேட்டுப்போட்டு
மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணுங்கோ.
நாங்கள் ஒருத்தரும் எண்ணுறேல்லை."

திங்கட்கிழமை எண்ணினேன்.
மூன்றில் வகுப்பு நெளிந்தது.
நாலில், பின்வாங்கில்,
இரண்டு வருடமாக வாய் திறக்காத டெனிஸ்ரன்
"துரு" என்றான்.
சரியான விடை.
இந்தக் கடிதத்தில் அவன் இல்லை.

இரண்டாம் மொழித் தேர்ச்சி இருக்கிறது.
நாற்பத்து நாலு வயதில் பஸ் ரிக்கற்றின் பின்பக்கம்
சிங்கள எழுத்துகளைச் சுழித்துச் சுழித்துப் பழகினேன்.
அதற்கும் கனகாலம் முந்தி, சாவடியில்,
"கொஹெத யன்னே" என்று கேட்டபோது
எங்கே போகிறேன் என்று சொல்லப் படித்திருந்தேன்.
அந்தச் சிங்களத்துக்குச் சான்றிதழ் தரவில்லை.
வாய்மொழிப் பரீட்சையில் முதல் கேள்வி அதுதான்.
கை தானாக அடையாள அட்டையைத் தேடியது.

என் கோவை இரண்டு முறை தொலைந்தது.
வலயத்தில் கேட்டால், மாகாணத்துக்குப் போட்டுது.
மாகாணத்தில் கேட்டால், வலயத்துக்கு அனுப்பியாச்சு.
எல்லாப் பிரதிகளையும்
மறுபடி எடுத்துத் தந்தவர் அருட்பிரகாசம்,
எங்கள் அலுவலக உதவியாளர்.
ரோனர் தீர்ந்த நாளில் பெட்டியைக் குலுக்கிக் குலுக்கி
என் பட்டத்தை மங்கலாய்ப் பிரதி எடுத்தவர்.
எழுதுவினைஞர் பரீட்சையை மூன்று தரம் எழுதினார்.
நாலாம் தரம் விண்ணப்பம் வந்தபோது
வயது தாண்டி
பதினொரு நாள்.

இன்றும் அவர்தான் ஆறு பிரதி எடுத்தார்.
கடிதத்தை ஒருமுறை முழுதாய் வாசித்தார்.
"நிலுவை தருவாங்களோ மிஸ்?"
அதைப்பற்றி ஒன்றும் எழுதவில்லை என்றேன்.
சிரித்தார்.
"ஆருக்குத் தெரியும்,
எனக்கும் ஏதாவது
பின்னுக்கு ஒரு திகதியிலயிருந்து
செயற்பட்டுக்கொண்டிருக்கும்."

என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.
மனதுக்குள் எண்ணினேன்.
அஞ்சுக்குப் பிறகும் ஒன்றும் வரவில்லை.

அவர் மணி அடிக்கப் போய்விட்டார்.
மூன்றாம் பாடவேளை, ஒன்பது ஏ.
இப்போதும் பாசிச்சாயத்தாள் இல்லை.