ஏழாவது வெள்ளைக்கட்டை

லூப்லியானாவில் இரவு எட்டு மணி.
மூக்கையூரில் நடுநிசி தாண்டி அரைமணி.
கைப்பேசியை உப்புச் சாக்கில் சாய்த்து வைத்து
நண்டுவலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தோம்
நானும் என் வீட்டுக்காரரும்.
கறுப்பு கவுனில் என் தங்கை வந்தாள்.
குனிந்து வணங்கினாள்.
உட்காரும் முன் இரண்டு கையையும் ஒருதரம் உதறினாள்,
ஈரத்துணியைக் கொடியில் போடும் முன் உதறுவதுபோல.

"சினிமாப் பாட்டு ஏதும் வாசிப்பாளா?"
"வாயை மூடுங்க."

தூத்துக்குடியில் ஏலத்துக்கு வந்து
மீன் லாரியில் ஏறி எங்கள் கான்வென்ட்டுக்கு வந்த பியானோ.
இறக்கும்போதே ஐஸ்தண்ணீர் சொட்டியது.
மிச்சத்தை உப்புக்காற்று பார்த்துக்கொண்டது.
நடுவிலிருந்து வலப்பக்கம் ஏழாவது வெள்ளைக்கட்டை,
முதலில் தின்றது அதன் கம்பிகளைத்தான்.
அழுத்தினால் டொக்கென்று மரம் மட்டும்.
ரொவீனாவுக்கு அப்போது எட்டு வயசு.
அந்த இடம் வரும்போதெல்லாம்
மூக்கால் ஒரு ‘ம்’.
விரல் கட்டையில், சுரம் மூக்கில்.
பதினோரு வருஷம் அப்படியே.

தாள் புரட்டுவது என் வேலை.
எனக்கு அந்தப் புள்ளிகளைப் படிக்கத் தெரியாது.
அவள் தாடை அசைந்தால் புரட்டணும்.
ஒருநாள் கொசு கடித்துத் தாடையை அசைத்தாள்,
புரட்டிவிட்டேன்.
மூன்று நாள் பேசவில்லை.

அப்பாவின் படகு அக்கரைக் கடற்படையிடம் கிடந்த வருஷம்
லைப்சிக்கிலிருந்து கடிதம் வந்தது.
படகு திரும்பவில்லை. இவள் போனாள்.
டிக்கெட்டுக்கு என் தோடு.
பிறகு அதைவிடப் பெரிய தோடாக வாங்கி அனுப்பினாள்.
காது இழுக்கிறது. போடுவதில்லை.

இப்போது அவள் விரல்களுக்குக் காப்பீடு இருக்கிறது.
பத்து விரலுக்கும் சேர்த்து
நம்மூர் நாட்டுப்படகு அத்தனையும் வாங்கலாம் என்கிறான் தம்பி.
நண்டுச்சதை எடுக்கும் கம்பெனியில்
என் விரலுக்குக் கையுறைகூட சொந்தச் செலவு.
பொறாமையா என்று கேட்டாள் பக்கத்து மேசை சவேரியம்மாள்.
ஓடு குத்துகிற அன்றைக்கு மட்டும் என்றேன்.

நிகழ்ச்சித்தாளில் அவள் பிறந்தது
‘மதுரை அருகே ஒரு தீவு’ என்று போட்டிருந்தார்கள்.
தீவு இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.
அடுத்த நாட்டிலும் தீவுதான்.

பெரிய பத்திரிகைகள் வேறொன்று எழுதின:
மெதுவான பகுதியில், ஒரே ஒரு சுரத்தில் மட்டும்,
அவளை அறியாமல் ஒரு முனகல் எழுகிறது.
கீழைத்தேசத்துத் தியானம் அது.
தம்பி தமிழில் சொல்லச் சொல்ல
எனக்குச் சிரித்துப் புரையேறியது.
துருவுக்கு அங்கே தியானம் என்று பேர்.

இசைத்தட்டுக் கம்பெனி
அதை மட்டும் அழித்துவிடட்டுமா என்று கேட்டதாம்.
"அழிச்சா அந்த எடம் ஊமையாப் போயிரும்"
என்றாளாம். அவர்களுக்கு எப்படிச் சொன்னாளோ.

போன வாரம்
அவள் பேருக்காக யாரோ அனுப்பிய ஆள்
சென்னையிலிருந்து வந்து கம்பி முழுக்க மாற்றினான்.
மதர் கூப்பிட்டு விட்டார்கள்.
நண்டு வாடை போகப் புளி தேய்த்துக் கை கழுவிப் போனேன்.
யாரும் இல்லாத நேரம் பார்த்து
எண்ணி, ஏழாவதைத் தொட்டேன்.

பேசியது.
தெளிவாக, கூச்சமே இல்லாமல்,
ஊருக்குப் புதுசாக வந்த அதிகாரி மாதிரி.

அன்று ராத்திரியே அழைத்தாள்.
அங்கே பனி கொட்டுகிறதாம்.
மறுநாள் இதுவரை வாசித்ததிலேயே பெரிய அரங்காம்.
சாப்பிட்டாயா என்றேன். பதில் இல்லை.
"அக்கா, அந்தக் கட்ட இன்னும் பேசலையா?"

"இல்லடி," என்றேன்.
"அப்படியேதான் கெடக்கு."

கொஞ்ச நேரம் இரைச்சல்.
அப்புறம் மூக்கால் ஒரு ‘ம்’ போட்டுவிட்டு வைத்தாள்.

சுருதி இம்மி பிசகவில்லை.
காலையில்தானே தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.