இடது பக்க இருக்கை

சாவியைத் திருப்பினால் ஒரு பெண் பேசுவாள்.
ஜப்பானில் யாரோ ஆறு வருடம் ஓட்டிக் கழித்த கார்.
போர்ட் லூயியில் கப்பலிலிருந்து இறங்கியபோது
அவளும் கூடவே இறங்கிவிட்டாள்.
என்ன சொல்கிறாளென்று எனக்குத் தெரியாது,
விற்றவனுக்கும் தெரியாது.

நேரங்காலம் தெரியாதவள்.
லா விஜி ரவுண்டானாவில் கரும்பு லாரி
கதவை உரசுகிற மாதிரி வருகையில் பேசுவாள்.
கியூர்பிப் மூடுபனியில்
முன்னால் போகிறவனின் சிவப்பு விளக்கே மறைந்தபோது
நீளமாக எதையோ விளக்குவாள்.
ஆளில்லாத நேர்சாலையில் என் தலை சாய்ந்தால்
மூச்சுக் காட்டமாட்டாள்.

தெய்வானி அப்படியில்லை.
மோகா கல்யாணத்தில் நடந்த சண்டையைச்
சொல்லிக்கொண்டே வருவாள்,
"அப்ப அந்த மனுஷன் எழுந்து"
ரவுண்டானா.
நிறுத்திவிடுவாள். நான் ஒன்றும் சொன்னதில்லை.
அவள் வலதுகால் மட்டும்
அங்கே இல்லாத பிரேக்கை அழுத்தும்.
லாரி போனதும்
"ஏழு கறியோட இலையைத் தூக்கி எறிஞ்சான் பாரு."

கேண்டோஸ் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய செவ்வாய்க்கிழமை
காகிதம் அவள் மடியில் இருந்தது.
ஃபீனிக்ஸ் போனது. ஃப்ளோரியாலில் மழை பிடித்தது.
ஒரு பஸ், ஒரு நாய், பிறகு பனி.
என்னவாம் என்று நான் கேட்டிருக்கலாம்.
வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்தேன்.
மற்றவள் தன் கடைசி வாக்கியத்தைச் சொல்லி முடித்தாள்.
அதற்கப்புறம்தான்
தெய்வானி வாயைத் திறந்தாள்.

அத்தனை தூரம் அதைத் தனியாகத் தூக்கி வந்திருக்கிறாள்,
நான் நேராக ஓட்டட்டும் என்று.
எங்கேயாவது இடித்துத் தொலைத்திருந்தாலும் பரவாயில்லை,
சொல்லியிருக்கலாம்.

போன வாரம் மெக்கானிக் பையன்
போனை நீட்டி மொழிபெயர்த்துக் காட்டினான்:
கார்டு செருகப்படவில்லை.
நாலு வருடமாக அதைத்தான் சொல்லியிருக்கிறாள்.
அங்கத்திய ஏதோ சுங்கச்சாவடிக் கார்டாம்.
"வாயை அடைச்சிடவா?" என்றான்.
இருக்கட்டும் என்றேன்.

இன்றைக்கு அவளுடைய நைட்டி, சீப்பு,
வெந்நீர் நிறைத்த ஃபிளாஸ்க் ரெண்டு.
பையை இடது பக்கம் வைத்து நகர்ந்ததும்
கார் மணியடிக்க ஆரம்பித்தது.
ஆள் உட்கார்ந்திருக்கிறதாம்,
பெல்ட் போடவில்லையாம்.

ஓரங்கட்டி நிறுத்தி
பைக்கு பெல்ட் போட்டேன்.
அடங்கியது.
ரவுண்டானா தாண்டும்வரை
யாரும் எதுவும் பேசவில்லை.