சிவப்பு காயவில்லை

பாசல் நகரம். ரைன் துறைமுகத்துக்குப் பின்னால்
ஒரு நிலக்கீழறை.
மூன்று மீற்றர் உயரத்தில் துணி போர்த்த விளக்குக்கூடு.
ஏணியில் நிரோஜினி,
மருந்துக் கொம்பனிக்குத் துப்புரவு வேலைக்குப் போகும்
அதே சப்பாத்தோடு.

மாசி முழுக்க அவளுக்கு இன்னும் இரண்டு வேலை.
காசில்லாத இரண்டு வேலை என்று திருத்திக்கொள்கிறேன்.
இந்த ஊர் முரசுக்காரரின் திருவிழாவுக்கு விளக்குக்கூடு.
எங்களுக்கு, ஜெனீவா ஊர்வலத்துக்கு, ஒரு பதாகை.
இரண்டும் ஒரே திங்கட்கிழமை.
நான் செயலாளர். பதாகை என் பொறுப்பு.

முரசுக்காரர் இவ்வருசம் நக்கலடிக்க எடுத்தது வீட்டு விவகாரம்.
கிளைபெக்கில் நாலு மாடிக் கட்டடங்கள் விற்றாயிற்று;
இருந்தவர்களுக்கெல்லாம் ஒரே நாளில் ஒரே கடிதம்.
அவளுக்கும் வந்தது.
மூன்றாம் மாடி, இடப்பக்கம்.

அவள் கீறினாள்:
ஆற்றோரமாய் ஆட்கள் நடக்கிறார்கள்,
ஒவ்வொருவர் முதுகிலும் அவரவர் கதவு.
பேக்கரிக்கார ரேத்தோ, குழுத்தலைவன்,
நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னானாம்:
"நல்லாயிருக்கு. ஆனால் சிரிப்பு வரவேண்டும்.
வீட்டுக்காரனுக்கு ஒரு நீள மூக்கு வை."
வைத்தாள்.
மூக்கில் கயிறு கட்டி ஒரு சாரத்தையும் காயப்போட்டாள்.

எங்கள் பதாகையிலும் கதவுகள்தாம்.
தொண்ணூற்றைந்தில், சனம் வீதியை நிறைத்த அந்த இரவில்
அவளுக்கு ஒன்பது வயது.
தகப்பன் கதவைக் கழற்றிச் சைக்கிளில் கட்டினாராம்.
ஏன் கதவு என்று கேட்டேன்.
"போற இடத்தில வீடு கிடைச்சால் கொழுவலாம் எண்டு."

கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள்.
"இரத்தம் எங்கே?" என்றார் பொருளாளர்.
இரத்தமில்லாமல் ஆர் திரும்பிப் பார்ப்பான்,
அங்கே நாப்பது நாட்டுக்காரன் நிக்கிறான்.
தலையாட்டினோம். நானுந்தான்.
"கதவில இரத்தம் இருக்கேல்லை அண்ணை," என்றாள்,
"கறையான்தான் இருந்தது."

ஞாயிறு இரவு
கடையில் வாங்கிய சிவப்பில் என் உள்ளங்கையைத் தோய்த்து
கதவுக்கு ஒன்றாக நானே பதித்தேன்.

திங்கள், விடியப்புறம் நாலு மணி.
ஒரே சொடுக்கில் இந்த நகரம் தன் விளக்குகளை அணைக்கும்.
எனக்கு அந்த இருட்டு ஒத்துவராது;
பதினெட்டு வருசமாய் அந்த இரவில்
யன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தவன் நான்.
இந்த முறை போகவேண்டியிருந்தது.
பதாகைத் தடிகள் அவளிடம்.

முரசு. பிறகு சின்னக் குழல்கள்.
பிறகு, உள்ளே வெளிச்சத்தோடு கூடு:
கதவு சுமந்தவர்கள் என் தலைக்கு மேலால் போகிறார்கள்.
மூக்கைக் கண்டு சனம் சிரிக்கிறது.
கடைசிக் கதவு வரும்போது சிரிப்பு கொஞ்சம் குறைந்தது,
அல்லது எனக்கு அப்படிப் பட்டது.
அந்தக் கதவு சைக்கிளில் இருந்தது.

பெருந்தலை முகமூடி ஒன்று "அண்ணை" என்றது.
தடிகளை நீட்டியது.
என் கக்கத்துத் துணியைத் தொட்டு
விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது.
"சிவப்பு காயேல்லை. மடிச்சிட்டீங்களே."
வேறொன்றும் சொல்லவில்லை.
முரசு அவளை இழுத்துக்கொண்டு போயிற்று.

ஜெனீவாவில், கால் முறிந்த அந்தப் பெரிய கதிரைக்கு முன்னால்
விரித்தோம்.
மடிப்புகளின் வழியே என் கை
நான் வைக்காத இடமெல்லாம் பதிந்திருந்தது:
வானத்தில், சைக்கிள் சில்லில்,
ஒரு பிள்ளையின் முகத்தில்.
படம் எடுப்பவர்கள் ஓடி வந்தார்கள்.
பொருளாளருக்கு நல்ல திருப்தி.

ஆனியில் அவள் வீடு மாறினாள்.
பெட்டி தூக்க ரேத்தோவும் இரண்டு முரசுக்காரரும்.
எங்கள் ஆட்களில் நான் மட்டும்.
எல்லாம் இறக்கிய பிறகு
ரேத்தோ வெறும் வீட்டின் கதவைத் தட்டி,
இதையும் கழற்றவா என்று பகிடி விட்டான்.

நிரோஜினி சிரிக்கவில்லை.
எந்தப் பெட்டிக்குள் திருப்புளி என்று
என்னைக் கேட்டாள்.