ஒழுக்கு

மேலே இருந்து ஒரு கேமரா விட்டார்கள்.
கீழே இருந்து ஒன்று.
இரண்டும் வெறுங்கையோடு திரும்பின.
நடுவில் இருபது அடி, சுருட்டி வைத்த குடல்.
அதற்குள் எங்கோ.

எனக்கு இது தெரிந்த வேலை.
இருபத்தாறு வருஷம் மெட்ரோ வாட்டரில்,
தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை,
மூலக்கொத்தளம் வரை
ரோட்டில் முட்டி போட்டு
இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தார்மேல் ஊன்றி
மறுமுனையில் காதை வைத்துக் கிடந்தவன்.
எங்கே ஒழுகுகிறது என்று
குழாய் சொல்லாது. கம்பி சொல்லும்.
அதுவும் தண்ணீர் விட்ட நேரத்தில் மட்டும்.
வால்வை மூடிவிட்டால்
எல்லாக் குழாயும் யோக்கியன்தான்.

போன வாரம் சி.டி. எடுத்தபோது
நானும் யோக்கியனாக இருந்தேன்.
மருந்து ஏறியதும் அடிவயிறு வரை சூடு,
ஒன்றுக்குப் போய்விட்டேனோ என்று
துணியைத் தொட்டுப் பார்த்தேன்.
படத்தில் ஒன்றும் இல்லை.
"இப்போ ரத்தம் கசியல" என்றார் டாக்டர்,
குறை சொல்வது போல.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மறுபடி
தார் மாதிரி.
ரயில்வே கேட் போட்டிருந்தது.
ஆட்டோவுக்குள் மேக்டலின்
என் நகத்தை அழுத்தி அழுத்தி விட்டு
சிவப்பு திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.
கூட்ஸ் வண்டியில் நாற்பத்தெட்டு பெட்டி. எண்ணினேன்.

இன்று வேறு மாதிரி.
என் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து
ஏதோ கதிர்மருந்தைக் கலந்து
எனக்கே திருப்பி ஏற்றினார்கள்.
பச்சை குத்தி அனுப்பிய ஆள் மாதிரி
அது உள்ளே நடக்கும்.
எங்கே வழி தவறி இறங்குகிறதோ
அங்கே கரும்புள்ளி விழும்.
அசையாமல் படுக்கணும், ஒரு மணி நேரம்.
கசிய வேண்டும். அதுதான் முக்கியம்.

வெளியே பெஞ்சில் மேக்டலின்.
நாலு பாட்டில் ரத்தத்துக்கு
ஆட்டோ ஸ்டாண்டு பையன்களைக் கெஞ்சிக் கூட்டி வந்தவள்,
ராயபுரம் மாதாவிடம்
நிற்கணும் நிற்கணும் என்று மெழுகுவத்தி ஏற்றியவள்,
இப்போது என்ன கேட்பாள்?
"ஒழுகட்டும் தாயே, ஒரு மணி நேரம் மட்டும்."
அப்படித்தான் கேட்டாளாம். அப்புறம் சொன்னாள்.
சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

கேமரா வயிற்றுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில்.
சத்தமே இல்லை.
ராத்திரி ரெண்டு மணிக்கு, லாரிகள் ஓய்ந்த பிறகும்,
திருவொற்றியூர் ஹைரோடு
இவ்வளவு அமைதியாய் இருந்ததில்லை.

முப்பதா, நாற்பதா, எத்தனையாவது நிமிஷம் தெரியாது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெக்னீஷியன் பெண், ஷாஜிதா,
டீ கிளாஸை வாய் வரை கொண்டுபோனவள்
குடிக்காமல் வைத்தாள்.
நாற்காலியை முன்னே இழுத்தாள்.

"தெரியுதாம்மா?"
"டாக்டர் சொல்லுவார். ஆடாதீங்க அண்ணே."

சொல்ல வேண்டாம்.
அந்த முகம் எனக்குத் தெரியும்.
கம்பியிலிருந்து காதை எடுக்காமல்
ஒரு கையால் மட்டும்
பையில் சாக்பீஸ் தேடும்போது
என் முகம் அதுதான்.