ஒரு மில்லிமீட்டர்

பஞ்சைப் பிய்த்து
இரு கட்டைவிரல்களுக்கிடையே இழுத்துப் பார்ப்பது
என் வேலை.
போபோ தியுலாசோ, தரம் பிரிக்கும் அறை.
கறுப்பு வெல்வெட்டில் இழையைப் படுக்கவைத்து
அளவுகோலை ஒட்டுகிறேன்.
குட்டை.
போன வருடம் போலவே
ஒரு மில்லிமீட்டர் குட்டை.

மூட்டை ஊந்தேயிலிருந்து வந்திருக்கிறது.
சீட்டில் ராஸ்மத்தா கிண்டா.
என் மனைவியின் அக்கா.

பழைய விதைக்கு ஆறு முறை மருந்தடிக்க வேண்டும்.
ஆறு முறைக்கும் தண்ணீர் அவள் தலையில்,
ஓடையிலிருந்து, தகர அண்டாவில்.
புருஷனின் சட்டையைப்
பிள்ளைகளின் துணியோடு சேர்க்காமல்
தனியே அலசுவாள்.

புது விதைக்கு இரண்டே முறை.
"மிச்ச நாலுக்கும் தூங்கினேன்" என்றாள் என்னிடம்.
"விதை விலையைக் கேட்டப்போதான்
புழு கடிச்ச மாதிரி இருந்தது."

வயலோரம் நாலு வரிசை பழைய பருத்தி,
புழுவுக்கென்றே.
"அதுவும் பிழைக்கட்டும்.
ஒரேயடியா பட்டினி போட்டா
விஷத்தையே தின்னப் பழகிடும்."

இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவது?
என் அளவுகோலில்
ஓடைக்கும் வயலுக்கும் நடுவே கோடு இல்லை.
கடல் தாண்டிய நூற்பாலை நீளம்தான் கேட்கிறது.
குட்டை என்று எழுதினேன்.
நான் எழுதாவிட்டால் எந்திரம் எழுதும்,
என்னைவிட நல்ல கையெழுத்தில்.

வரும் பருவத்துக்குப் பழைய விதைதானாம்.
லாரிகள் கிளம்பிவிட்டன.

அக்காவின் அண்டாவில்
கோழி அடைகாக்கிறது என்றாள் மனைவி.
எத்தனை நாளில் பொரிக்கும்
என்று கேட்டேன்.